ஓட்டுநர் பக்கத்து முன் சக்கரம்

மே 4, ஞாயிறு

இது சங்கத்தில் கொடுத்த நோட்டு. படப்பிடிப்புகளுக்குக் கேரவன் வாடகைக்கு விடுகிற நாங்கள் நாற்பத்திரண்டு பேர் அந்தச் சங்கத்தில் இருக்கிறோம். என்னிடம் ஒரே ஒரு வண்டி. பதினெட்டு வருடமாக ஓடுகிறது.

செயலாளர் மணிமொழியன் போன வாரம் வீட்டுக்கு வந்து சொன்ன விஷயம் இது. டயர் வெடித்து விபத்து ஆகாமல் இருக்க இரண்டு சாமான்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. எல்லா கேரவன்களிலும் அவற்றைக் கட்டாயம் பூட்ட வேண்டுமா, அல்லது வீண் வேலையா என்று ஜூன் 8 கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் யாராவது ஒருவர் தன் வண்டியில் பூட்டி ஓட்டிப் பார்த்து, தினம் எழுதி வைத்துக் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

"நீங்க சொன்னாத்தான் எடுபடும்ணே. அடிபட்டவரு நீங்க" என்றார்.

அடிபட்டவன் நான் இல்லை. இருந்தாலும் சரி என்று நோட்டை வாங்கிக்கொண்டேன்.

இன்று விருகம்பாக்கத்தில் அன்வர் கடையில் பூட்டினோம். முதல் சாமான் ஒரு சின்ன மூடி. காற்று அடிக்கிற வால்வின் மேல் திருகிவிட வேண்டும். ஆறு சக்கரத்துக்கும் ஆறு. ஓட்டுநர் முன்னால் ஒரு சின்னத் திரை. எந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு என்று காட்டும். குறைந்தால் கத்தும். இரண்டாவது, இரும்புப் பட்டை. டயரைக் கழற்றி, ரிம்மின் நடுவே ஓடுகிற பள்ளத்தை மூடுகிற மாதிரி சுற்றி இறுக்குகிறார்கள். டயர் வெடித்தாலும் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து ரிம்மை விட்டுக் கழன்றுவிடாமல் பட்டை தடுக்கும். ஸ்டீயரிங் கையில் நிற்கும்.

"இது இருந்திருந்தா அன்னிக்கு...?" என்று கேட்டேன்.

அன்வர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சொல்ல முடியாதுண்ணே. ஓரங்கட்ட ஒரு பத்து செகண்டு கெடைச்சிருக்கும். அந்த பத்து செகண்டு போதுமான்னு அங்க இருந்தவருக்குத்தான் தெரியும்."

அங்கே இருந்தவன் ஏகாம்பரம். என் மனைவி குணவதியின் தம்பி. பதினான்கு வருடம் இந்த வண்டியை ஓட்டியவன். ஜனவரி 11 அன்று திருச்சிப் படப்பிடிப்புக்குப் போகும் வழியில், விக்கிரவாண்டி தாண்டி, ஓட்டுநர் பக்கத்து முன் டயர் வெடித்து, வண்டி நடுத்தடுப்பில் ஏறிப் பாலத்துத் தூணில் மோதியது. வண்டியில் அவன் மட்டும்தான் இருந்தான். நாற்பத்தொரு வயது.

மே 5, திங்கள்

ஆறு சக்கரத்திலும் காற்று 100. சூடு சாதாரணம். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

மே 7, புதன்

காற்று: முன் இரண்டும் 100. பின்னால் இடது பக்கத்து இரட்டைச் சக்கரத்தில் உள்சக்கரம் 97. மற்றவை 100.

புது ஓட்டுநர் பரந்தாமன் வந்து சேர்ந்தார். வேலூர்ப் பக்கம். ஐம்பதை நெருங்கியவர். அதிகம் பேசுவதில்லை. வந்ததும் ஆறு சக்கரத்தையும் சுற்றி வந்து, குனிந்து, கையால் தடவிப் பார்த்தார். ஏகாம்பரமும் இப்படித்தான். நான் உள்ளே போய்விட்டேன்.

வண்டியின் முன்பாகம் முழுக்கப் புதிதாகக் கட்டியது. ஓட்டுநர் இருக்கை மட்டும் பழையது. அதை மாற்றலாம் என்று பாடி கட்டுகிறவர் சொன்னார். வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு வழக்கம்போல் போனை அணைத்து அலமாரியில் குணவதியின் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். மூன்று மணிக்குத்தான் எடுப்பேன். "ஏங்க, அந்த நேரத்துல புரொடக்‌ஷன்காரங்க கூப்ட்டா?" என்று அவள் மறுபடி கேட்டாள். சாப்பிட்டுக் கொஞ்சம் கண் அயர வேண்டியிருக்கிறது என்றேன். நான் அந்த ஒரு மணி நேரம் தூங்குவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மே 9, வெள்ளி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் படப்பிடிப்பு. நான்கு மாதத்தில் முதல் வேலை. நானும் கூடப் போனேன். பரந்தாமன் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. நான் கேட்டுக்கொண்டதால்தான்.

வண்டியை நிறுத்தியதும் புரொடக்‌ஷன் மேனேஜர் முன்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார். "அந்த வண்டிதானா சார் இது?" என்றார். ஆமாம் என்றேன். நடிகைக்கு எதுவும் தெரியாது, சொல்ல வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். "டிரைவர் தூங்கிட்டாராமே. இந்த டிரைவர் நல்லாத் தூங்கி எழுந்துதானே வந்திருக்காரு?"

பரந்தாமன் பக்கத்திலேயே நின்றிருந்தார். குனிந்து சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். நான் தலையாட்டினேன்.

காற்று எல்லாம் 100. வெயிலில் ஓடியதும் 108. சூட்டுக்கு ஏறுவது வழக்கம்தான் என்று அன்வர் சொல்லியிருக்கிறார்.

மே 12, திங்கள்

எல்லாம் 100. வேலை இல்லை. மதியம் போன் அடித்தது. அலமாரியைத் திறந்து பார்த்தேன். அணைத்துத்தான் வைத்திருந்தேன்.

மே 15, வியாழன்

இன்று மதியம் கருவி கத்தியது. வண்டி வாசலில் நின்றிருந்தது. பரந்தாமன் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கேட்டு நான் செருப்புப் போடாமல் ஓடினேன். திரையில் ஓட்டுநர் பக்கத்து முன் சக்கரம் சிவப்பாக மின்னியது. சூடு அறுபத்தெட்டு. ஓடாத வண்டிக்கு அறுபத்தெட்டா?

கீழே உட்கார்ந்து டயரின் பக்கவாட்டில் கை வைத்தேன். புடைத்திருந்தது. உள்ளங்கையில் தட்டுப்பட்டது, எலுமிச்சம்பழம் அளவுக்கு. "பரந்தாமன், இங்க பாருங்க, எலுமிச்சம்பழம் அளவு புடைச்சிருக்கு" என்றேன். அவர் வந்து தடவினார். மறுபடி தடவினார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.

"ஒண்ணுமில்ல சார். பாருங்க, மழமழன்னு இருக்குது."

மழமழவென்றுதான் இருந்தது. வெயில் அந்தப் பக்கம் நேராக அடித்ததில் வால்வு மூடி சூடாகிவிட்டது என்றார். வண்டியை நிழலுக்கு நகர்த்தியதும் சத்தம் நின்றது.

"எலுமிச்சம்பழம் அளவுன்னு சொன்னீங்களே, ஏதாவது கனவு கண்டீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சங்கத்துக்குக் குறிப்பு: நேர் வெயிலில் நிறுத்தினால் தேவையில்லாமல் கத்துகிறது.

மே 19, திங்கள்

காற்று சரி.

மணிமொழியன் கூட்டத்துக்கான தீர்மான நகலைக் கொண்டுவந்தார். இரண்டு தீர்மானங்கள். முதலாவது, டயர் சாமான்கள் பற்றியது. அதற்கு என் அனுபவத்தைக் கேட்டு ஓட்டெடுப்பு. இரண்டாவது, ஓட்டுநர்களின் தூக்கம் பற்றியது. நீண்ட பயணத்துக்கு முன் எட்டு மணி நேரம் தூங்கியதாக ஓட்டுநர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதில் ஒரு வரி: 'அண்மையில் ஓட்டுநர் ஏகாம்பரம் வாகனம் ஓட்டும்போது உறங்கியதால் நேர்ந்த விபத்தைக் கருத்தில் கொண்டு.'

"பேரு வேணுமா?" என்று கேட்டேன்.

"பேரு இருந்தாத்தான்ணே பயப்படுவாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே? போலீஸே கவனக்குறைவுன்னு எழுதியிருக்காங்க."

குணவதி காபி கொண்டுவந்தாள். நகலை எடுத்துப் படித்தாள். "என் தம்பி தூங்கறவன் இல்ல" என்றாள், மணிமொழியனைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்தாள். நான் காபியைக் குடித்தேன். சூடாக இருந்தது.

மே 22, வியாழன்

சுலோசனா வந்தாள். ஏகாம்பரத்தின் மனைவி. போரூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். தீர்மானத்தைப் பற்றி யாரோ ஓட்டுநர் அவளிடம் சொல்லிவிட்டிருக்கிறார்.

"அண்ணா, தூங்கிட்டாருன்னு எழுதப் போறாங்களாம். உண்மையா?"

"எழுதறதா ஒரு பேச்சு இருக்குதும்மா."

"அவரு தூங்கலண்ணா. இருபது வருசத்துல ஒரு பைக்கைக்கூட இடிச்சதில்ல. கண்ணு கொஞ்சம் எரிஞ்சாலே ஓரங்கட்டிட்டு மூஞ்சி கழுவிட்டுத்தான் எடுப்பாரு. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"மதுவந்தி காலேஜ் பஸ்ல போகும்போது ஒரு பொண்ணு கேட்டுச்சாம், உங்கப்பாவா தூங்கிட்டே ஓட்டினவருன்னு. அன்னிலேருந்து அவ பஸ்ல போறதில்ல. நடந்து போறா. நாலு கிலோமீட்டரு." சொல்லும்போது சுலோசனா அழவில்லை. "நான் வேற எதுவும் கேக்கலண்ணா. கூட்டத்துல நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அவரு தூங்குற ஆளில்லன்னு. வண்டிக்காரரு நீங்க சொன்னா நம்புவாங்க."

சொல்கிறேன் என்றேன்.

மணி இரண்டு ஆகிவிட்டது. எழுந்து போய்ப் போனை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 23, வெள்ளி

காற்று சரி. அவன் தூங்கிவிட்டான் என்று முதலில் சொன்னது யார் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. இப்படிப்பட்ட பேச்சு எங்கிருந்து கிளம்புகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை.

மே 27, செவ்வாய்

அன்வர் கடைக்குப் போனேன். பின் இடது உள்சக்கரம் மூன்று நாளைக்கு ஒரு தரம் இரண்டு புள்ளி இறங்குகிறது. வால்வைச் சரிசெய்தார். அவரிடம் ஒன்று கேட்டேன். டயரின் பக்கவாட்டில் உள்நூல் அறுந்து புடைத்திருந்தால் இந்தக் கருவி காட்டுமா?

"காட்டாதுண்ணே. காத்து சரியாத்தானே இருக்கும்? புடைப்பு கண்ணுக்குத்தான் தெரியும். கையால தடவினா தெரியும். இல்ல, வெடிச்சப்புறம் தெரியும்."

"அப்ப இது இருந்திருந்தாலும் அன்னிக்குக் கத்தியிருக்காது."

"புடைப்பா இருந்திருந்தா கத்தியிருக்காது. அன்னிக்குப் புடைப்புன்னு யாரு சொன்னா?"

நான் பேச்சை மாற்றினேன்.

கூட்டத்தில் சொல்ல வேண்டியதை இன்று எழுதிப் பார்த்தேன். 'கருவி காற்றைத்தான் காட்டும், டயரின் பழுதைக் காட்டாது. வெயிலில் வீணாகக் கத்துகிறது. இரும்புப் பட்டை பத்து விநாடி அவகாசம் தரலாம், தராமலும் போகலாம். ஆகவே கட்டாயமாக்கத் தேவையில்லை. எது இருந்தாலும் ஜனவரி 11 அன்று நடந்ததைத் தடுத்திருக்க முடியாது.'

படித்துப் பார்த்தேன். எல்லா வரியும் சரியாக இருந்தது, கடைசி வரியைத் தவிர. அதை அடிக்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

நாளை காரைக்குடிப் படப்பிடிப்பு. ஐந்து நாள். பரந்தாமன் தனியாகப் போகிறார். நீங்களும் கூட வருகிறீர்களா என்று கேட்டார். அந்தச் சாலையில் என்னால் போக முடியாது. முதுகுவலி என்றேன்.

ஜூன் 2, திங்கள்

காலை பதினொன்று இருபதுக்குப் போன் வந்தது. பரந்தாமன். இரண்டு மணி இல்லை என்பதால் எடுத்தேன்.

"சார், அச்சிறுபாக்கம் தாண்டி நிக்கறேன். கருவி கத்துச்சு. பின்னால எடது உள்சக்கரம். நூறுலேருந்து எண்பத்திரண்டு. எறங்கிக்கிட்டே இருக்குது."

நான் சொன்னது என் காதில் விழுந்தது. சொல்லி முடித்த பிறகுதான் விழுந்தது. "திண்டிவனம் கிட்டத்துலதானே? மெதுவாப் போயிடுங்க, அங்க பாத்துக்கலாம். சாயந்திரம் வண்டி காரைக்குடியில நிக்கணும்."



"சார், நிறுத்திட்டேன். வீல் கழட்டப் போறேன். நான் கேக்கறதுக்காகக் கூப்புடல சார். சொல்றதுக்காகக் கூப்ட்டேன்."

போன் என் கையிலிருந்து விழுந்தது. குணவதி சமையல்கட்டிலிருந்து வந்து எடுத்துக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே பேசினாள். ஒன்றரை மணி நேரத்தில் வண்டி மறுபடி கிளம்பியது. உள்சக்கரத்தில் ஒரு விரல் நீள ஆணி. வெளிச்சக்கரம் மறைத்ததால் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அப்படியே ஓட்டியிருந்தால் பாரம் முழுவதும் வெளிச்சக்கரத்தில் விழுந்து இரண்டும் போயிருக்கும் என்றார் பரந்தாமன். படப்பிடிப்புக்கு ஒரு மணி நேரம் தாமதம். யாரும் எதுவும் கேட்கவில்லையாம். நடிகை இன்னொரு வண்டியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாராம்.

ஜூன் 3, செவ்வாய்

இன்று எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 11, மதியம் இரண்டு நாற்பது. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் கூப்பிட்டான். டீ குடிக்க நிறுத்தியபோது சக்கரங்களைத் தடவிப் பார்த்திருக்கிறான். ஓட்டுநர் பக்கத்து முன் டயர் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருக்கிறது. ஸ்டெப்னி மாற்றிக்கொண்டு வருகிறேன், ஒரு மணி நேரம் ஆகும் என்றான். அவன் கேட்கத்தான் கூப்பிட்டான். பதினான்கு வருடமாக என்னைக் கேட்டுத்தான் எதையும் செய்வான். அப்படித்தான் நான் பழக்கியிருந்தேன்.

ஆறு மணிக்குத் திருச்சியில் வண்டி நிற்க வேண்டும். நான் வாக்குக் கொடுத்திருந்தேன். தணிகாசலம் வண்டி நேரம் தவறாது என்று என்னைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமைக்காக மட்டும்தான். ஸ்டெப்னி நல்ல நிலையில்தான் இருந்தது. மாற்றியிருந்தால் முக்கால் மணி நேரம் பிந்தியிருக்கும். அவ்வளவுதான்.

"மெதுவா வந்து சேரு, அங்க மாத்திக்கலாம்" என்றேன்.

"பெரிசா இருக்குது மாமா" என்றான்.

"எனக்குத் தெரியாத டயரா? வா" என்றேன்.

"சரி மாமா" என்றான்.

மூன்று ஐந்துக்கு மறுபடி போன் வந்தது. அவன் எண்தான். பேசியது வேறு யாரோ.

ஆஸ்பத்திரி வராந்தாவில் குணவதி என் சட்டையைப் பிடித்து, எப்படிங்க, எப்படிங்க என்று கேட்டபோது சொன்னேன்: "ரெண்டு நாளா விடாம ஓட்டிட்டிருந்தான். கண் அசந்திருப்பான்." சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். போலீசில் கேட்டபோது, அவன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்றேன். முதலில் சொன்னது யார் என்று மே 23 அன்று இதே நோட்டில் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். நான்தான்.

இன்று காற்று பார்க்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

குணவதியிடம் சொல்ல உட்கார்ந்தேன். கேஸ் தீர்ந்துவிட்டது, சிலிண்டருக்குப் பதிவு செய்யுங்கள் என்றாள். பதிவு செய்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

கூட்டம் பத்து மணிக்கு. கிளம்புவதற்கு முன் சொல்லிவிட்டேன். வேறு யார் வாயிலிருந்தும் அவள் கேட்கக் கூடாது. குணவதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் முழுவதும் சொல்லி முடிக்கிறவரை அவள் கை நிற்கவில்லை. அதற்கப்புறம் நின்றது.

"அவன் என்ன பண்ணட்டும்னு கேட்டான். நீங்க வான்னு சொன்னீங்க."

"ஆமா."

"அஞ்சு மாசம் என் பக்கத்துல உக்காந்து சாப்ட்டீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கூட்டத்துக்கு நேரமாச்சு. போங்க" என்றாள். என்னை அவள் பார்க்கவில்லை.

மண்டபத்தில் முப்பது பேருக்கு மேல். பின்வரிசையில் ஓட்டுநர்கள். பரந்தாமனும் வந்திருந்தார். முதல் தீர்மானத்துக்கு என்னை அழைத்தார்கள். எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுக்கவில்லை.

மூடி, திரை, பட்டை மூன்றையும் பற்றிச் சொன்னேன். கருவிக்குத் தெரிவதையும் தெரியாததையும் சொன்னேன். அச்சிறுபாக்கத்து ஆணியைச் சொன்னேன். பிறகு, "இதெல்லாம் வாங்கிப் பூட்டறதுல பிரயோஜனம் இருக்கான்னு கேட்டீங்க. இருக்குது. ஆனா என் வண்டிக்கு ஜனவரியில கருவி தேவைப்படல. ஏகாம்பரம் கையால தடவியே கண்டுபிடிச்சுட்டான். என்கிட்ட சொன்னான். நான்தான் நிறுத்தாதேன்னு சொன்னேன்" என்றேன்.

மணிமொழியன் எழுந்து என் பக்கம் சாய்ந்தார். "அண்ணே, உணர்ச்சிவசப்படாதீங்க. இதையெல்லாம் கூட்ட நோட்டுல ஏத்த வேணாம். கேஸ் உங்க பக்கம் திரும்பிடும்."

"ஏத்துங்க. அவன் தூங்கலன்னும் சேத்து எழுதுங்க. தூங்கிட்டான்னு கிளப்பிவிட்டவன் நான்தான்னும் எழுதுங்க."

முன்வரிசையிலிருந்து ஒருவர், என்னைவிட மூத்தவர், நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். போகும்போது என் காலடியில் துப்பினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டியதும் இல்லை. பின்வரிசையில் ஒரு ஓட்டுநர், பெயர் தெரியாது, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தூக்கத் தீர்மானத்தில் ஏகாம்பரத்தின் பெயரை எடுத்துவிட்டார்கள். டயர் சாமான்கள் கட்டாயம் என்று முடிவானது. பரந்தாமன் கையைத் தூக்கி, ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'வண்டியை நிறுத்துவதா என்பது ஓட்டுநரின் முடிவு. உரிமையாளரைக் கேட்க வேண்டியதில்லை.' இருபத்தாறு பேர் ஆதரித்தார்கள். ஏழு பேர் எதிர்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் பூட்டியிருந்தது. சாவி எதிர்வீட்டில் இருந்தது. உருவிய கீரை முறத்திலேயே வாடிக் கிடந்தது.

ஜூன் 9, திங்கள்

குணவதி போரூரில் சுலோசனா வீட்டில் இருக்கிறாள். மதுவந்தி போனில் சொன்னாள். "அத்தை இங்கதான் இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எப்போதும் மாமா என்று ஆரம்பிப்பாள். இன்று ஆரம்பிக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

விபத்தைப் பதிவு செய்த போலீஸ் ஸ்டேஷனுக்குப் பஸ்ஸில் போனேன். அந்தப் பாலத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்ளவில்லை. தூணில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஸ்டேஷனில் முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதி வாங்கியவர் இரண்டு தடவை படித்தார். "இப்ப ஏன் சார்?" என்று கேட்டார். இதற்கு என்ன நடவடிக்கை என்று பிறகு சொல்லி அனுப்புவார்களாம்.

ஜூன் 12, வியாழன்

பதினொரு மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது. குணவதியும் சுலோசனாவும். குணவதி உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டாள். சுலோசனா வாசற்படியைத் தாண்டி இரண்டடி வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நான் அவள் காலில் விழப் போனேன்.

"அதெல்லாம் வேணாம்" என்றாள். "எழுந்திருங்க. நான் அதுக்கு வரல. அன்னிக்குப் போன்ல அவரு என்ன பேசினாரு? அதைச் சொல்லுங்க."

"டயர் புடைச்சிருக்குன்னு சொன்னான். நான்..."

"நீங்க பேசினது எனக்கு வேணாம். அது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அவரு பேசினதை மட்டும் சொல்லுங்க. அவரு சொன்ன மாதிரியே."

சொன்னேன். மாமா, டிரைவர் பக்கம் முன் டயர் புடைச்சிருக்குது. எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். ஸ்டெப்னி போட்டுட்டு வரேன், ஒரு மணி நேரம் ஆகும். பெரிசா இருக்குது மாமா. சரி மாமா.

"அவ்வளவுதானா?"

அவ்வளவு இல்லை. இன்னொன்றும் சொன்னான். அதை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. கூட்டத்திலும் ஸ்டேஷனிலும் சொல்லவில்லை. அவளிடம் சேர்க்கச் சொல்லி அவன் கொடுத்தது அது. சேர்த்திருந்தால் அவன் என்னோடு பேசியது வெளியே தெரிந்திருக்கும் என்பதால் ஐந்து மாதம் நான் வைத்துக்கொண்டது.

"கடைசியா ஒண்ணு சொன்னான். மாமா, வீட்ல ரெண்டு தடவை கூப்ட்டாங்க. ஓட்டிட்டிருந்தேன், எடுக்கல. நீங்க பேசினா, போய்ச் சேந்ததும் நானே கூப்பிடறேன்னு சொல்லிடுங்க."

சுலோசனா கதவைப் பிடித்துக்கொண்டாள். குணவதி ஓடிவந்து தாங்கினாள்.

"காலையில சண்டை போட்டுட்டுத்தான் போனாரு" என்றாள் சுலோசனா, குணவதியிடம்தான், என்னிடம் இல்லை. "சாப்பாடு கட்டித் தரேன்னேன், வேணாம்னுட்டுப் போனாரு. ரெண்டு தடவை கூப்ட்டேன் அண்ணி. எடுக்கல. கோவத்துலதான் எடுக்கலன்னு இத்தனை நாளா..."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வீட்ல கூப்ட்டாங்கன்னு சொன்னாரா? இல்ல, கூப்ட்டான்னு சொன்னாரா?"

"கூப்ட்டாங்கன்னுதான் சொன்னான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எனக்காக மாத்திச் சொல்லாதீங்க. கோவமா இருந்தா அவரு 'கூப்ட்டா'ம்பாரு. கோவம் இல்லன்னாதான் 'கூப்ட்டாங்க' வரும்."

யோசித்தேன். இந்த ஐந்து மாதத்தில் அந்தக் குரலை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

"கூப்ட்டாங்க" என்றேன்.

சுலோசனா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை என் குரலில் சொல்லாமல் அவன் சொன்ன மாதிரியே சொல்லப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது.

"பரவால்ல" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "விட்ட எடத்துலேருந்து சொல்லுங்க."